பன்னிரண்டு நாள் போடாத மாத்திரை

கண்டக்டர் வேலை பார்ப்பவனுக்கு வாய்தான் மூலதனம். கால் வலித்தால் காலி சீட்டில் கொஞ்சம் உட்காரலாம். கை வலித்தால் டிக்கெட் மெஷினை மடியில் வைத்துக்கொள்ளலாம். வாய்க்கு மட்டும் ஓய்வு கிடையாது. ஆரணியிலிருந்து தேவிகாபுரம் வழியாகச் சேத்துப்பட்டுக்குப் போகும் அரசு பஸ்ஸில் இருபது வருஷத்துக்கு மேல் கத்தியிருக்கிறேன். உள்ளே போங்க, படியில நிக்காதீங்க, அந்த மூட்டைய சீட்டுக்கு அடியில தள்ளுங்க. வீட்டுக்கு வந்தாலும் அதே சத்தத்தில்தான் பேசுவேன் என்று என் மனைவி சொல்வாள். அப்படிப்பட்டவனுக்கு வலி வர வேறு இடமே கிடைக்கவில்லை போலிருக்கிறது. இடது வாயோரத்தில் வந்தது.

மார்கழி மாதம், காலை முதல் டிரிப். படியருகே நின்று விசிலை உதட்டில் வைத்தேன். மேலுதட்டிலிருந்து காதுவரை கரண்ட் கம்பியை வைத்து இழுத்த மாதிரி ஒரு வெட்டு. யாரோ கல்லால் அடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். திரும்பினேன், பின்னால் பட்டு நூல் பையோடு நின்றிருந்த ஆளின் சட்டையைப் பிடித்துவிட்டேன். அந்த மனிதர் பாவம், ஒன்றும் புரியாமல், "இன்னாங்க, டிக்கெட் வாங்கிட்டேனே" என்று சீட்டை எடுத்து நீட்டினார். அதற்குள் வலி போய்விட்டது. வந்த சுவடே இல்லை. நான் மட்டும் அவருடைய சட்டையைப் பிடித்தபடி அசடு வழிந்துகொண்டிருந்தேன்.

அடுத்த வாரத்தில் ஒரு நாளைக்கு நாலு தடவை வந்தது. அதற்கடுத்த மாதம் எண்ணுவதை விட்டுவிட்டேன். பல் தேய்த்தால் வரும். முகம் கழுவினால் வரும். இட்லியைப் பிய்த்து இடப்பக்கம் வைத்தால் வரும். பஸ் வேகமெடுத்து ஜன்னல் காற்று கன்னத்தில் பட்டால் வரும். சில விநாடிகள்தான். ஆனால் அந்தச் சில விநாடிகளில் ஆள் செத்துப் பிழைத்துவிடுவான். முடிந்ததும் முகத்தில் ஒரு தழும்பு கிடையாது, வீக்கம் கிடையாது. பார்க்கிறவர்களுக்கு நான் நன்றாகத்தான் இருந்தேன். அதுதான் எனக்கு எரிச்சல். கையில் கட்டுப் போட்டுக்கொண்டு போகிறவனுக்கு எழுந்து இடம் தருகிறார்கள். என்னைப் பார்த்து, "கண்டக்டர் இன்னா இன்னிக்கு உர்ர்ருனு கீறாரு" என்றுதான் சொன்னார்கள்.

சவரம் செய்ய முடியவில்லை. வலது பக்கம் மழித்துவிட்டு இடது பக்கத்தை விட்டால் கோமாளி மாதிரி இருக்கும், அதனால் இரண்டு பக்கமும் விட்டேன். தாடி வளர்ந்ததும் ஆளாளுக்கு, "எந்தக் கோயிலுக்குங்க மாலை போட்டுக்கினு கீறீங்க?" என்று விசாரித்தார்கள். ஒருவருக்கு விளக்கம் சொல்லப் போய் பாதியில் வலி வந்து முகத்தைச் சுளித்தேன். சாமி வந்துவிட்டது என்று நினைத்து அவர் கும்பிட்டார்.

பல்லில்தான் கோளாறு என்று நானே முடிவு கட்டினேன். பல் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "பல்லுல ஒண்ணும் இல்லைங்க, இது வேற மாதிரி வலி. நரம்பு டாக்டரைப் பாருங்க" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வலிக்கிறவனுக்குத் தெரியாதா எங்கே வலிக்கிறது என்று? "நீங்க புடுங்குறீங்களா, நான் வேற எடம் போவட்டுமா?" என்று சண்டை போட்டு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வைத்தேன். நாலு நாள் கழித்துப் பக்கத்துப் பல்லையும். இரண்டும் நல்ல பற்கள். வலி அது பாட்டுக்கு இருந்தது. இன்றைக்கும் நாக்கு அந்தப் பள்ளத்துக்குப் போகும்போதெல்லாம் அந்த டாக்டரிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த மாதங்களில் என்னைக் காப்பாற்றியது என் டிரைவர்தான். பத்து வருஷமாக ஒரே வண்டியில் போகிறோம். ஒருநாள் தேவிகாபுரத்தில் டீக்கு நிறுத்தியபோது என் பக்கத்தில் வந்து நின்றார். "யோவ், நீ விசில் ஊதும்போது கண்ணாடியில உன் மூஞ்சியப் பாக்குறேன். எனக்கே தாங்கல. இனிமே ஊதாத. கம்பியில ரெண்டு தட்டு தட்டு, நான் எடுத்துக்கினு போறேன்" என்றார். தினமும் வரும் பெண்கள் விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். நெய்த சேலையை மடித்து எடுத்துப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், ஸ்கூல் டீச்சர்கள். ஒவ்வொரு ஸ்டாப்பும் வரும்போது யாராவது ஒருத்தி எனக்காகக் கத்துவாள். அதில் ஒரு அம்மாவுக்கு என்னைவிட நல்ல குரல். "இன்னும் கொஞ்ச நாள்ல உன் வேலையை அவங்களுக்குக் குடுத்துடுவாங்க போ" என்று டிரைவர் சிரிப்பார்.

கடைசியில் என் மனைவி பிடிவாதமாக வேலூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் எங்கள் வீட்டிலேயே தறிக்காரர்களுக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றித் தருகிறவள். பட்டு இழை ஒன்று அறுந்தாலும் எங்கே அறுந்தது என்று பொறுமையாகத் தேடிக் கண்டுபிடிப்பாள். என்னிடமும் அந்தப் பொறுமையைத்தான் காட்டினாள். நரம்பு டாக்டர் ஒரு பெண், என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருக்கலாம். தொடவே இல்லை. "காத்து பட்டா வருமா? பேசினா வருமா? ரெண்டு வலிக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லாம இருக்குமா?" என்று மூன்று கேள்விகள் கேட்டார். மூன்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டினேன். முகத்துக்கு வரும் நரம்பில் இப்படி வலி வருவது உண்டு என்றும், அதற்குப் பெயர் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது என்றும் சொன்னார். என் வலிக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று கேட்டதும் அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் நடிக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்திருந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள், பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தார். "வலி இருந்தாலும் இல்லாட்டியும் தினம் போடணும். நீங்களா திடீர்னு நிறுத்தக் கூடாது. தலை சுத்தும், தூக்கம் வரும், போகப் போகச் சரியாகும். மாத்திரை கேக்கலைன்னா ஆபரேஷன் இருக்கு, அதை அப்புறம் பேசலாம்" என்றார்.

மாத்திரை கேட்டது. பத்தே நாளில் நான் முகம் கழுவினேன். அன்றைக்குக் குழாயடியில் நின்றுகொண்டு திரும்பத் திரும்பத் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டதைப் பார்த்து, "தொட்டித் தண்ணி தீந்துடப் போவுதுபா" என்று என் மகள் கத்தினாள். தலைசுற்றல் மட்டும் இருந்தது. வண்டியில் கம்பியைப் பிடித்துப் பிடித்து நடந்தேன். "காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டாரு பாரு" என்று ஒருவர் என் காதுபடச் சொன்னார். குடிகாரன் என்றால் சொல்லிக்கொள்ளட்டும், வலி இல்லையே, அது போதும் என்றிருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் மகளுக்கு வரன் அமைந்தது. அவள் ஆரணியில் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பையன் சேத்துப்பட்டுக்காரன், கூட்டுறவு வங்கியில் வேலை. எங்கள் அப்பா மற்றவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். எங்கள் குடும்பத்தில் காக்கிச்சட்டை போட்டுச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். பையனின் அப்பாவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் உண்டு. இந்த வித்தியாசத்தை அவர்கள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனால் நான் அதை மனசுக்குள் பேசிக்கொண்டே இருந்தேன். பெண் பார்த்தார்கள், பிடித்தது. பூ வைத்துத் தட்டு மாற்ற நாள் குறித்தார்கள். என் மகளுக்கும் பையனைப் பிடித்திருந்தது. அவன் போன் செய்தால் மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இந்தச் சம்பந்தம் மட்டும் கெட்டுவிடக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொண்டேன்.

அந்த நாளுக்குச் சரியாகப் பன்னிரண்டு நாள் முன்னால் மாத்திரை தீர்ந்துபோனது. டூட்டி முடிந்து ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கலில் டாக்டர் சீட்டை நீட்டினேன். கூட்டம். கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு உள்ளே இருந்த பெண்ணிடம், "அந்த ஃபிட்ஸ் மாத்திரை எடும்மா, ஒரு மாசத்துக்கு" என்று உரக்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "யாருக்குங்க வலிப்பு? உங்களுக்கா?" என்றார். தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. வலிப்புக்கும் அதே மாத்திரைதான் என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

எனக்கு இரண்டு ஆள் தள்ளி ஒரு பெண்மணி நின்றிருந்தாள். பையனின் அத்தை. சேவூரில் நெசவுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டில் இரண்டாவது டம்ளர் காபி கேட்டு வாங்கிக் குடித்தவள். என்னைப் பார்த்து, "இன்னாங்க சம்பந்தி, ஒடம்புக்கு இன்னா?" என்றாள்.

ஒரு விநாடியில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். முகத்தில் நரம்பு வலிங்க, அதுக்கும் இதே மாத்திரைதான் தர்றாங்க. அவ்வளவுதான் விஷயம். ஆனால் என் வாயில் வந்தது, "எனக்கு இல்லீங்க, பக்கத்து வூட்டுக்காரருக்கு" என்பதுதான். அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் சீட்டில் இருந்த என் பெயரை வாய்விட்டுப் படித்தார். நான் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு, "அப்புறம் வரேன்" என்று மாத்திரை வாங்காமலே வந்துவிட்டேன்.

அன்றைக்கு என் மனதில் ஓடியதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. அப்பன் குடிகாரன் என்றால் பெண்ணை எடுப்பார்கள். அப்பன் ஜெயிலுக்குப் போய் வந்தவன் என்றால்கூட ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். வலிப்பு என்று பேர் வந்தால் போச்சு, பரம்பரை வியாதி என்பார்கள், நாளைக்குப் பிள்ளைக்கும் வரும் என்பார்கள். நானே அப்படிப் பேசியிருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு வரன் தட்டிப் போனபோது, "ஃபிட்ஸ் வர்ற பொண்ண யாரு கட்டுவாங்க" என்று சாதாரணமாகச் சொன்னவன்தான் நான். அதனால்தான் அவ்வளவு பயம்.

வேறு ஊர் மெடிக்கலில் வாங்கலாமே என்று தோன்றும். சேத்துப்பட்டிலா? அது மாப்பிள்ளை ஊர். தேவிகாபுரத்திலா? கண்டக்டர் முகம் தெரியாத கடை அந்த ரூட்டில் ஒன்றுகூட இல்லை. யாராவது வீட்டுக்கு வந்து கேட்டால், நான் எந்த மாத்திரையும் போடுவதில்லை என்று பொய் கலக்காமல் சொல்ல வேண்டும், அதுதான் என் கணக்கு. மூன்று வாரமாக வலி இல்லை, ஒருவேளை குணமாகியிருக்கும் என்றும் சமாதானம் செய்துகொண்டேன். தட்டு மாற்றி முடியட்டும், மறுநாளே வாங்கிவிடலாம்.

நாலு நாள் ஒன்றுமில்லை. ஐந்தாவது நாள் காலை காபியை வாயில் வைத்தேன். பழைய வலி வட்டியோடு வந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சூடு அதிகம் என்று மனைவியிடம் சத்தம் போட்டேன். அவள் டம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாத்திரை போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். போட்டேன் என்றேன். அதற்கப்புறம் தினமும் கேட்டாள், தினமும் பொய் சொன்னேன். சாப்பாட்டைத் தண்ணீர் விட்டுக் கரைத்துக் குடித்தேன். வண்டியில் இடது கன்னத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, அந்தத் துண்டு கன்னத்தில் படாமலும் பார்த்துக்கொண்டேன். டிரைவர் ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, "ஏன்யா, மறுபடியுமா?" என்றார். வீட்டில் சொல்லிவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

எனக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. எங்கள் பக்கத்தில் தட்டு மாற்றும்போது பெண்ணின் அப்பா சபையில் வாய் திறந்து மூன்று தடவை சொல்ல வேண்டும், "என் பொண்ண உங்க வூட்டுக்குக் குடுக்குறேன்" என்று. பையனின் அப்பா மூன்று தடவை, "வாங்கிக்கிறோம்" என்பார். எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. முணுமுணுத்தால், "சத்தமா சொல்லுங்க, சோறு துன்னீங்களா இல்லையா" என்று கிண்டல் பண்ணுவார்கள். குளியலறையில் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தேன். "பொண்ண" என்று உதடு ஒட்டும் இடத்தில் வலி வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மொத்தம் மூன்று தடவைதானே, பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பல்லைக் கடிக்கவும் முடியாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அந்த நாள் வந்தது. தெருவில் பந்தல் போட்டிருந்தோம். சேத்துப்பட்டிலிருந்து வேனில் முப்பது பேர் வந்தார்கள். அத்தையும் வந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், நான் வேறு பக்கம் பார்த்தேன். வரிசைத் தட்டுகளை அடுக்கினார்கள். மகளை மணையில் உட்கார வைத்துப் பையனின் அம்மா பூ வைத்தார். பிறகு நானும் பையனின் அப்பாவும் எதிரெதிராக உட்கார்ந்தோம். வெற்றிலைத் தட்டை என் கையில் கொடுத்தார்கள். பேச்சுச் சத்தம் அடங்கியது.

"என்" என்றேன். அடுத்த சொல்லுக்கு உதட்டைச் சேர்த்தேன்.

அப்படி ஒரு வெட்டு அதற்கு முன் வந்ததில்லை. ஒன்று முடிவதற்குள் இன்னொன்று, அது முடிவதற்குள் மற்றொன்று. தட்டைக் கீழே போடக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. "இன்னாங்க, பொண்ணக் குடுக்க மனசு இல்லியா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கேட்டார். யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பும் நின்றுபோனது. ஒரு பெண் குரல் காதோடு காதாக ஏதோ சொல்வது கேட்டது. எல்லாம் போச்சு, என் பெண்ணின் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மணையில் இருந்து எழுந்து வந்தது என் மகள். அந்த நேரத்தில் பெண் எழுந்திருக்கக் கூடாது. பூவும் சந்தனமுமாக வந்து என் பக்கத்தில் நின்றாள். அவள் கையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது.

"எங்கப்பாவுக்கு மூஞ்சில நரம்பு வலி. பேசுனா ஷாக்கு மாதிரி அடிக்கும். அதுக்கு இந்த மாத்திரைதான் தர்றாங்க, இது வலிப்புக்கும் தர்றதுதான். இத்தினி நாளா போடாம கீறாரு. காலி அட்டைய நேத்து காக்கிச்சட்டையில பாத்தேன், காலையில நான் போய் வாங்கினு வந்தேன், குடுக்குறதுக்குள்ள நீங்கல்லாம் வந்துட்டீங்க" என்றாள். கணக்குப் பாடம் நடத்துகிற மாதிரி தெளிவாகச் சொன்னாள்.

பிறகு பையனின் அம்மா எழுந்து வந்தார். என்னிடம் பேசவில்லை, என் மனைவியிடம் பேசினார். "எங்க நாத்தனா அன்னிக்கே வந்து சொல்லிட்டாங்க, மெடிக்கல்ல பாத்தேன்னு. நீங்களா சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு இருந்தோம். வலிப்புன்னே நெனச்சிக்கினுதாம்மா பூ வாங்கினு வந்தோம்."

அதைக் கேட்டதும் எனக்கு வலி மறந்துபோனது என்றால் பொய். வலி இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று உறைத்தது. எந்தப் பேருக்குப் பயந்து பன்னிரண்டு நாள் நான் செத்தேனோ, அதே பேரோடுதான் இவர்கள் வேன் பிடித்து வந்திருக்கிறார்கள். எங்கள் தெருப் பெண்ணைப் பற்றி அன்று நான் சொன்னதை இவர்கள் என் பெண்ணைப் பற்றிச் சொல்லவில்லை.

பையனின் அப்பா என் கையில் இருந்த தட்டின் மறு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். "சம்பந்தி வாயத் தொறக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு என் மனைவியைப் பார்த்தார். "அம்மா, நீங்க வந்து சொல்லுங்க."

"பொம்பள சொல்ற பழக்கம் இல்லியே" என்று முதலில் பேசிய பெரியவர் ஆரம்பித்தார். "இன்னிக்கி சொல்லட்டும்" என்றார் பையனின் அப்பா.

என் மனைவி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கல்யாணமான இருபத்தேழு வருஷமாக நான் பேசிய சத்தத்தில் அவள் குரலை நான் சரியாகக் கேட்டதே இல்லை என்று தோன்றியது. "எங்க பொண்ணு உங்க வூட்டுக்கு வர்றா. நல்லா வெச்சிக்குங்க" என்றாள். கடைசி வரிசைவரை கேட்டது. மூன்று தடவை சொன்னாள்.

என் இடது கண்ணில் நீர் திரண்டது. இமையைத் தாண்டிக் கன்னத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், என் மனைவிக்கும் தெரியும். துடைக்க விரலை நீட்டியவள், தொட்டால் இன்னும் மோசம் என்று பாதியில் நிறுத்திக்கொண்டாள். நான் தட்டை விடவில்லை, தலையைச் சாய்க்கவும் இல்லை. வலிக்கிறபடி வலிக்கட்டும் என்று அழுதேன்.